தூணுக்கு வைத்த பொட்டு

பாதி வழி வந்த பிறகுதான் ஹெல்மெட் இன்னும் என் தலையில் இருப்பது தெரிந்தது. காலணி, கண்ணாடி, காதடைப்பு, இடுப்புவார் எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒப்படைத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருந்தேன். ஸ்டோர்காரர் கண்ணிலும் ஹெல்மெட் படவில்லை. அந்த இடத்தில் தலை என்றால் ஹெல்மெட்டோடுதான் இருக்கும். திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு ஃபேக்டரி வேலியில் மாட்டிவிட்டு நடந்தேன்.

மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்துத் தெலுக் பங்லிமா காராங்கில் அந்தச் சாலைக்கு நடைபாதை கிடையாது. கண்டெய்னர் லோரி வரும்போதெல்லாம் புல்லில் இறங்கி நிற்க வேண்டும். முதல்நாள் மழையில் புல் சொதசொதவென்று இருந்தது. கையில் ஒரு துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. காலை எட்டரை மணிக்கு என்னை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். தப்பு என்னுடையது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நடந்துகொண்டே நான் நினைத்தது ஒன்றைத்தான். என்னோடு வேலை செய்த கயத்தாற்றுக்காரரை வைத்துக்கொள்வார்களா, இல்லை பெர்மிட்டை ரத்து செய்து தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? சாயங்காலத்துக்குள் முடிவு தெரியும் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

நான் படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன். கேமரன் மலையில் முட்டைக்கோஸ் ஏற்றியிருக்கிறேன். ஜொகூரில் லோரி கிளீனராக இருந்தேன். சிங்கப்பூரில் கப்பல் தொட்டி கழுவினேன். ஈப்போவில் கல்யாணப் பந்தல் போட்டேன். கால் ஒரு இடத்தில் நிற்காது. அடுத்த வேலை கிடைக்குமோ என்ற பயமும் வந்ததில்லை. என்னிடம் ஐசி என்கிற அடையாள அட்டை இருக்கிறது. எந்தக் கடைக்குள்ளும் போய் வேலை கேட்கலாம். பெர்மிட்டில் வந்தவருக்கு அப்படி இல்லை. பெர்மிட் எந்த முதலாளி பேரில் இருக்கிறதோ அவரிடம் மட்டும்தான் வேலை. அவர் வேண்டாம் என்றால் விமானம்தான்.

அந்த யார்டுக்கு நான் போனது சென்ற ஆண்டு ஆரம்பத்தில். லங்காட் ஆற்றோரம் இரும்பு வேலை செய்கிற இடம். கிள்ளான் பாசாரில் காய்கறிக் கூடை இறக்கிக்கொண்டிருந்தபோது, பெயிண்ட் கான்ட்ராக்டர் ஒருவருக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான் அது காற்றாலைக்கான தூண் என்று தெரிந்தது.

நிலத்தில் நிற்கிற காற்றாலையை எல்லோரும் படத்திலாவது பார்த்திருப்பார்கள். கரைக்குப் பக்கத்தில், கடல் தரையில் காலை ஊன்றி நிற்பதும் உண்டு. ஆழம் கூடினால் கால் எட்டாது. அங்கே காற்றாலையையே மிதக்க விடுகிறார்கள். மூன்று பெரிய இரும்புத் தூண்கள், ஒவ்வொன்றும் உள்ளே காலியாகத் தொட்டி மாதிரி. மூன்றையும் பெரிய குழாய்களால் முக்கோணமாகச் சேர்த்துக் கடலில் விட்டால் மிதக்கும். பிறகு தூண்களுக்குள் தண்ணீரை விட்டு, வேண்டிய ஆழத்துக்கு அமிழ்த்துவார்கள். கனத்து அமிழ்ந்திருந்தால் அலையில் அதிகம் ஆடாது. அதன் மேல் காற்றாலை. கீழே சங்கிலிகள், கடலடியில் நங்கூரங்கள். இதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. டீ நேரத்தில் அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, சேர்த்துப் புரிந்துகொண்டதுதான்.

எங்களுடையது சோதனைக்காகச் செய்யும் முதல் மிதவை. மூன்று தூண்களில் ஒன்றுதான் எங்கள் யார்டில். மற்ற இரண்டும் வேறு யார்டில். எல்லாம் தயாரானதும் பார்ஜ் என்கிற தட்டைப் படகில் ஏற்றிப் போய் ஒன்றாகச் சேர்த்து, எங்கோ குளிர்ந்த கடலுக்கு இழுத்துப் போவார்கள். நம் பக்கத்துக் கடலுக்கு இல்லை.

"நம்ம ஊரு காத்துல காலண்டர் தாள்கூட ஆடாது லா. நமக்கு எதுக்கு காத்தாடி?" என்பார் எங்கள் சூப்பர்வைசர். கிள்ளான்காரர். நாங்கள் 'பாஸ்' என்று கூப்பிடுவோம். பெயிண்ட் வேலையிலேயே ஊறிய மனிதர்.

முதல் மிதவை என்பதால் வரைபடம் அடிக்கடி மாறும். திங்கட்கிழமை வெட்டிய ஓட்டையை வியாழக்கிழமை அடைப்பார்கள். வெல்டர்கள் திட்டிக்கொண்டே செய்வார்கள். வாங்கப் போகிற கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்திருந்தார். கழுத்து வெயிலில் சிவந்து தோல் உரிந்துபோயிருக்கும். ஒருநாள் ஒரு வெல்டர் ஆங்கிலத்தில், "சார், எத்தனை தடவை மாத்துவீங்க?" என்று கேட்டே விட்டார். அந்த மனிதர் கோபப்படவில்லை. "எனக்கும் இது முதல் தடவை. நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். நான் வேலை செய்த இடங்களில் இஞ்சினியர் ஒருவர் அப்படிச் சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை. அன்றிலிருந்து அந்தத் தூண் மேல் எனக்குக் கொஞ்சம் அக்கறை வந்தது. எல்லோருக்கும் புதிது என்றால் எனக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கயத்தாற்றுக்காரர் எங்கள் கும்பலின் ஸ்ப்ரே ஆள். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவருடைய ஊர்ப்பக்கம் நிலத்தில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்குமாம். அங்கே காற்றாலைத் தூணுக்குக் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடித்தவர். இங்கு வந்து தேர்வு எழுதி ஸ்ப்ரே கார்டு வாங்கியிருந்தார். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். அந்த கார்டு இருந்தால்தான் பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைத் தொடலாம்.

"எங்க ஊர்ல காத்தாடி, ஆடு மேயுத காட்டுக்குள்ள நிக்கும். இதக் கொண்டுபோய்த் தண்ணியில நிறுத்தப் போறாங்களாம். மனுசன் சும்மா இருக்க மாட்டான் போல," என்று முதல் நாள் என்னிடம் சொன்னார்.

"விழுந்துடாதாண்ணே?"

"விழுந்தா நம்ம பெயிண்ட்டு நல்லாருக்கான்னு மீனு பாத்துக்கும்."

அவர் அடித்த இடத்தில் கருவியை வைத்துப் பார்த்தால் எங்கும் ஒரே கனம் காட்டும். துப்பாக்கி சீராக ஓடுகிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். கொங்சியில், அதாவது ஆட்கள் தங்கும் கொட்டகையில், எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். ராத்திரி மனைவியோடு போனில் பேசும்போதுகூட, அன்று எத்தனை மீட்டர் அடித்தேன், ஒரு இடத்தில்கூட வழியவில்லை என்றுதான் சொல்வார். ஆயுத பூஜைக்கு மறுமாதம் அவருடைய பெர்மிட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. யார் யாருக்குப் புதுப்பிப்பது என்ற பட்டியலை பாஸ் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த முதல் மிதவை சரியாக நின்றுவிட்டால் இதேபோல இன்னும் நிறைய செய்வார்கள், பல நாட்டு யார்டுகளில் ஸ்ப்ரே ஆளுக்கு வேலை இருக்கும் என்பது அவர் கணக்கு.

என் வேலை அவருக்கு முன்னால் வருவது. இரும்பின் மேல் கிரிட் என்ற கரகரப்பான கறுப்பு மணலை அழுத்தக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். நான் மணல் பானையை நிரப்புவேன், குழாயைப் பிடிப்பேன், முடிந்ததும் மிச்ச மணலைக் காற்றால் ஊதிப் பெருக்குவேன். மணல் அடித்து முடித்த இரும்பு திருநீறு நிறத்தில் இருக்கும். அதைக் கையால் தொடக் கூடாது. வியர்வையில் உப்பும் எண்ணெயும் இருக்கிறது. அது பெயிண்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கடலில் போய்க் கொப்புளம் விடும், கொப்புளத்துக்குள் துரு பிடிக்கும். கடல் நடுவில் போய் யார் சுரண்டி மறுபடி அடிப்பது? அதனால் மணல் அடித்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சரி சொன்ன நாலு மணி நேரத்துக்குள் பெயிண்ட் ஏற வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்கு இரும்பு மறுபடி துருப்பிடித்துவிடும்.

பெயிண்ட் இன்ஸ்பெக்டர் ஒரு மலாய்ப் பெண். முப்பது வயது இருக்கும். நாங்கள் அக்கா என்ற பொருளில் 'காக்' என்று மலாயில் கூப்பிடுவோம். கையுறை இல்லாமல் யாராவது தூணைச் சுற்றிக் கட்டிய கூடாரத்துக்குள் நுழைந்தால் பேச மாட்டார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களே வெளியே போய்விடுவார்கள்.

ஆயுத பூஜை அன்று வேலை இருந்தது. காலையில் ஒரு மணி நேரம் பூஜைக்கு பாஸ் விட்டார். கம்ப்ரசர், மணல் பானைகள், ஸ்ப்ரே பம்ப், லோரி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வங்காளதேசத்து ஆட்கள்கூட அவர்களுடைய சக்கர வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பொட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். தூணை மட்டும் தொடக் கூடாது என்று பாஸ் முன்பே சொல்லியிருந்தார்.

"மிசினுக்கு வை, லோரிக்கு வை, எனக்குக்கூட வை. தூணு கிட்ட போகாதீங்க. மாலையக் கூடாரத்துக்கு வெளிய கட்டுங்க, போதும் லா."

கயத்தாற்றுக்காரர் கூடாரத்துக்குள் நின்ற தூணைப் பார்த்து, "எல்லாத்துக்கும் வச்சாச்சு. கடலுக்குப் போறவன் மட்டும் மொட்டையா நிக்கான்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னை வைக்கச் சொல்லவில்லை.

பத்தரை மணிக்குக் காக் வந்து அன்றைக்கு அடித்த பகுதியைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போனார். மூலையில் கிடந்த கொஞ்சம் மணலை ஊதிவிட நான் உள்ளே போனேன். சட்டைப்பையில் சந்தனம் மிச்சம் இருந்த சின்ன டப்பா, குங்குமப் பொட்டலம். பக்தி என்று சொல்ல முடியாது. கோயிலுக்கு நான் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்துக்குப் போகிறவன். மிச்சம் இருந்தது, அவர் சொன்னது காதில் இருந்தது. முதல் முதலாகக் கடலுக்குப் போகிற பொருள், வெறுமனே நிற்கிறதே என்று தோன்றியது. கையுறையைக் கழற்றி, முழங்கால் உயரத்தில் சந்தனத்தை வட்டமாக வைத்து நடுவில் குங்குமம் இட்டேன். கைதான் படக் கூடாது, சந்தனம் சுத்தமான பொருள்தானே என்று மனதுக்குள் ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். விளக்கேற்றிய நல்லெண்ணெய் விரலில் ஒட்டியிருந்தது நினைவில் இல்லை. ஸ்ப்ரேக்கு முன்னால் கயத்தாற்றுக்காரர் பார்ப்பார், வேண்டாம் என்றால் துடைத்துவிடுவார் என்றும் நினைத்தேன்.

அவர் துடைக்கவில்லை. கால் மணி நேரத்தில் உள்ளே போனார், அடித்தார், வெளியே வந்தார். பதிவேட்டில் அந்தப் பகுதிக்கு நேரே கையெழுத்துப் போட்டார். அடுத்த பகுதிக்குக் குழாயை இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து இரண்டாவது கோட் ஏறி, காய்ந்த பிறகு காக் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். முழங்கால் உயரத்தில் ஒரு இடம் தோசையில் எழும்பும் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது. கத்தி நுனியால் நெம்பினார். ஒரு பெரிய காசு அளவுக்குத் துண்டாக வந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு.

இஞ்சினியர் பக்கத்தில் இருந்தார். என்ன ரசாயனம் இது என்று கேட்டுப் போட்டோ எடுத்தார். காக் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் இஞ்சினியரிடம், விசாரித்து நாளை காலை சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். போகும்போது எங்கள் பாஸிடம் மலாயில் மெதுவாக, "யார் வைத்தது என்று எழுதியாக வேண்டும். எழுதாமல் விட முடியாது. இந்தக் கம்பெனி இதேபோல மிதவைகள் நிறைய செய்யப் போகிறது, தப்பு எங்கே நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

அன்று மாலை கம்ப்ரசருக்குப் பின்னால் கயத்தாற்றுக்காரரைப் பிடித்தேன்.

"பாத்தீங்களாண்ணே அன்னைக்கு?"

"பாத்தேன்."

"தொடைச்சிருக்கலாமே!"

"துணிய எடுத்துட்டேன் தம்பி. கை போகல." கம்ப்ரசர் மேல் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் கீறினார். "நல்ல நாளும் அதுவுமா வச்ச பொட்ட எப்படி அழிக்கது? அது மேல ரெண்டு கை கூடுதலா அடிச்சேன். தாங்கிரும்னு நெனச்சேன்."

"உங்களுக்குத் தெரியாதாண்ணே தாங்காதுன்னு?"

"தெரியும்," என்றார்.

இருபது வருடம் பெயிண்ட் அடித்த மனிதர். எது தாங்கும், எது தாங்காது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? பொட்டை அழிக்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் நிலையில் நான் இருந்தாலும் அழித்திருப்பேனா என்று யோசித்ததும் கோபம் போய்விட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு கண்டெய்னர் ஆபீஸில் நாலு பேர். பாஸ், காக், கயத்தாற்றுக்காரர், நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் பின்னால் போனேன். மேசையில் அந்தத் துண்டு ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. பாஸ் பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்தைக் காட்டினார்.

"உன் பேருதான் இருக்கு. நீதான வச்ச?"

கயத்தாற்றுக்காரர் பையில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"நான் வச்சேன் பாஸ். காக் பாத்துட்டுப் போனப்புறம் மணல் ஊதப் போனேன். அப்ப வச்சேன்."

"நான் தூணு கிட்ட போகாதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அப்பறம்? காதுல என்ன, கிரிட்டா அடைச்சிருந்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாஸ் கயத்தாற்றுக்காரர் பக்கம் திரும்பினார். "சரி, இவன் வச்சான். நீ உள்ள போனப்ப கண்ண மூடிக்கிட்டா அடிச்ச? செவப்பா, இவ்ளோ பெருசு! பாத்துட்டு அடிச்சிருந்தா அது வேற கேசு, தெரியுமில்ல?"

எல்லாமே அந்தக் கேள்வியில்தான் இருந்தது. பார்த்தும் மூடிவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவரை ஒரு கான்ட்ராக்டரும் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் வாயைத் திறக்கப் போனார். உண்மையைத்தான் சொல்லியிருப்பார், அவர் முகத்தில் தெரிந்தது.

"அவர் பாக்கல பாஸ்," என்றேன். "அன்னைக்கு உள்ள ஒரு லைட்டு அவுட்டு. நான் வேற, எல்லாம் ஊதியாச்சு, கிளீனா இருக்கு, அடிங்கன்னு சொல்லிட்டேன். கண்ணாடி பூரா பெயிண்ட் புகை. அவருக்குத் தெரியல."

விளக்கு ஒன்றும் அணையவில்லை. காக்குக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். என்னையே பார்த்தார். பிறகு கயத்தாற்றுக்காரரைப் பார்த்து மலாயில், "பேத்துல்?" என்று கேட்டார். உண்மையா என்று.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஆமாம் என்று அவர் தலை அசைந்தது.

காக் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது, "என் பக்கத்து வீட்டில் தீபாவளிக்குக் கார் முழுக்கப் பொட்டு வைப்பார்கள். அதைக் கழுவவே ஒரு வாரம் ஆகும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொன்ன மாதிரி இல்லை.

பாஸ் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். தோளில் கை வைத்தார். "உன்ன வச்சிக்க முடியாது லா. மேல கேப்பாங்க. நல்லா வேல செய்யிற ஆளு நீ. ஏண்டா இப்படி?"

"அவர என்ன செய்வீங்க பாஸ்?"

"அது என் கையில இல்ல. பெரிய கம்பெனி சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள தெரியும்."

கொங்சிக்குப் போய்த் துணியை எடுத்துப் பையில் போட்டேன். கயத்தாற்றுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றால், அதற்குள் அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அப்படித்தான் கிளம்பினேன்.

பெரிய ரோட்டுக்கு வந்து கிள்ளான் பஸ் பிடித்தேன். கிள்ளானில் இறங்கி ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். வேலை கேட்க அங்கேயே இடங்கள் இருந்தன, ஆனால் கிள்ளானில் இருந்தால் பாஸ் கண்ணில் படுவேன் என்று கூச்சமாக இருந்தது. ரயில் ஏறிக் கோலாலம்பூர் போய் கேஎல் செண்ட்ரலில் இறங்கினேன். பெரிய மால் வழியாக வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். பூக்கடைக்காரர்கள், புடவைக் கடைப் பாட்டு, கண் தெரியாதவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள். நான் முன்பு வந்து தங்கிய மாடி ஒன்று அங்கே இருந்தது. ஒரு அறையில் ஆறு கட்டில். ஒன்று காலியாக இருந்தது.

யார்டுக்குள் வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'அண்ணே, என்ன ஆச்சு' என்று செய்தி போட்டேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார் என்றால் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு பொட்டு. சுண்டுவிரல் நகத்தளவு குங்குமம். அதற்கு ஒரு மனிதர் இந்த நாட்டில் மூன்று வருடமாகச் சேர்த்த பேரோடு விமானம் ஏறப் போகிறார்.

காலை ஆறரைக்கு அவரே கூப்பிட்டார். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"அனுப்பல," என்றார். "பெர்மிட்டு லிஸ்ட்டுல பேர் இருக்கு."

"அப்பாடா! நல்லதாப் போச்சுண்ணே."

வேன் இன்ஜின் ஓடுவது மட்டும் கேட்டது.

"அண்ணே?"

"கார்ட வாங்கி வச்சிட்டாங்க. ஆறு மாசத்துக்குத் துப்பாக்கியத் தொடக் கூடாதாம். நீ செஞ்சியே, மணலு பெருக்குத வேல, இன்னைலேருந்து அது எனக்கு. அந்த இடத்த நேத்தே மணல் அடிச்சுட்டாங்க. காசு அளவு இருந்தது இப்ப கதவு அளவு. இன்னைக்கு வேற ஒருத்தன் அடிக்கான். நான் தொடப்பத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"ஆறு மாசம்தானண்ணே. ஊருக்குப் போறதுக்கு இது தேவலயே."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படிண்ணே?"

"தெரியலன்னு. கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லிட்டியே! அழிக்க மனசு வரலன்னு நானே சொல்லியிருப்பேன். வெளிய அனுப்பினா அனுப்பியிருப்பாங்க. இப்ப எங்க போனாலும், முன்னால இருக்குத பொட்டு தெரியாம அடிச்சவன்னு பேப்பர்ல இருக்கும்."

"உங்களுக்காகத்தாண்ணே..."

"தெரியும்ப்பா. எனக்காகத்தான். அதுதான் திட்டவும் முடியல. நீ இன்னைக்கே வேற வேலைக்குப் போயிருவ. உனக்கு எல்லா வேலையும் ஒண்ணு. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

வேன் நின்ற சத்தம் கேட்டது. யாரோ மலாயில் இறங்கச் சொன்னார்கள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இனிமேத்தான்."

"சாப்பிடு. பார்ஜ் எப்ப வருதுன்னு தெரிஞ்சா சொல்லுதேன்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

நான் முகம் கழுவிவிட்டுக் கீழே இறங்கினேன். அவர் சொன்னதைப் பொய்யாக்க வேண்டும் என்று ஒரு வீம்பு இருந்தது. இன்றைக்கு வேலை கேட்கக் கூடாது, நாலு நாளாவது சும்மா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்சந்தில், ஒரு அக்கா குழாயடியில் நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவுகிற ஆள் வரவில்லை. அவருக்குப் பின்னால் சோற்று அண்டாக்கள் நாலு, அடிப்பிடித்தபடி. பத்தரைக்குச் சாப்பாட்டுக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். அந்த அக்காவின் காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தேன். வீங்கியிருந்தது. அதோடு குனிந்து அண்டாவை இழுக்கப் பார்த்தார்.

"விடுங்கக்கா," என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு நீ? வேல தேடுறியா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆசையாக இருந்தது.

"ஆமாக்கா."

"ஐசி இருக்கா? இதுக்கு முன்ன எங்க வேல செஞ்ச?"

"இருக்கு. தெலுக் பங்லிமா காராங்ல, பெயிண்ட் வேல."

"ஏன் விட்ட?"

"தப்பு செஞ்சேன். நிறுத்திட்டாங்க."

அண்டாவைப் பார்த்தார். "எத்தன நாள் இருப்ப? ரெண்டு நாள் செஞ்சுட்டு ஓடுற ஆளுன்னா இப்பவே போயிரு லா."

"ஆறு மாசம் இருக்கேன்க்கா," என்றேன். எந்த வேலையிலும் இத்தனை மாதம் இருப்பேன் என்று நான் அதுவரை சொன்னதில்லை.

இரும்பு நாரும் சோப்பும் எங்கே என்று அவர் கையைக் காட்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெரிய அண்டாவைக் குழாய்க்குக் கீழே சாய்த்தேன்.